டென்மார்க் நாற்காலியின் காகிதக் கயிறு

பத்தாவது வரை படித்தவள் நான். எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டு மலர் போடுகிறார்கள். டென்மார்க் சேர் நம் ஊருக்கு எப்படி வந்தது என்று என்னையே எழுதச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அவர்கள் எதிர்பார்த்த கதை இது இல்லை.

திருவானைக்காவலில் வீட்டிலேயே ஒயர் கூடை பின்னுகிறேன். பழைய நாற்காலிகளுக்கு ஒயர் மாற்றியும் கொடுப்பேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் குடியிருப்பிலிருந்து ஒரு மேடம் ஆட்டோவில் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். கணவரோடு டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டு, அவர் இறந்த பிறகு ஊர் திரும்பியவர்.

நாற்காலி வெளுத்த மரம். பாலிஷ் கிடையாது. உட்காரும் இடம் பழுப்புக் கயிற்றால் பின்னியது. நாலு பக்கத்திலிருந்தும் முக்கோணமாக வந்து நடுவில் சேரும். ஒரு ஓரத்தில் மட்டும் எலி கடித்து நாலைந்து இழை தொங்கியது.

“இந்த ஓரத்தை மட்டும் சேர்த்துக் கட்டிக் குடுங்க. மத்ததைத் தொடவேண்டாம்” என்றார்.

“இது என்ன கயிறு மேடம்?”

“காகிதம்தாங்க. முறுக்கின காகிதம். அங்க எல்லாம் இதுலதான் பின்னுவாங்க.”

அவர் போனதும் பக்கத்து வீட்டுப் பூக்கார அக்கா வந்து நாற்காலியைத் தட்டிப் பார்த்தார். “காகிதத்துல சேரா? நம்ம ஊரு மழைக்கு உக்காந்த ஆளு அப்படியே கீழ போயிடுவாரேடி! சீமையில இருந்து இதைப் போய்த் தூக்கிட்டு வந்திருக்கு பாரு.”

நானும் சிரித்தேன். கடையில் பொட்டலம் கட்டுகிற சணல் மாதிரி, தற்காலிகமாகப் போட்டது என்றுதான் எனக்கும் பட்டது. பாவம், நல்ல கயிறு கிடைக்காமல் இதை வைத்திருக்கிறார். முழுதும் புது ஒயர் போட்டுக் கொடுத்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பாராட்டுவார் என்றும் நினைத்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பின்னலைப் படித்துக்கொள்வதற்காக வரிசை வரிசையாக அறுத்தேன். ஓர் இடத்தில் இரண்டு இழை மேல் கீழாக மாறிப் போயிருந்தது. வெள்ளைக்காரனும் தப்புப் பண்ணுவான் போல என்று மனதுக்குள் ஒரு பெருமை. என் பின்னலில் அந்தத் தப்பு வராது. பச்சை, மஞ்சள் ஒயரில் அதே முக்கோணங்களைப் போட்டு முடித்தேன். அறுத்த கயிற்றை மறுநாள் காலை வெந்நீர் அடுப்பு பற்றவைக்கப் போட்டேன். காகிதம்தானே, குபீரென்று பிடித்தது.

மேடம் வந்தார். நாற்காலியைப் பார்த்ததும் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பக்கம் விரலால் எதையோ தேடினார்.

“பழைய கயிறு எங்கங்க?”

என் வாய் தானாகச் சொன்னது: “அடியில பூரா எலி கடிச்சிருந்துச்சு மேடம். தொட்டதும் உதிர்ந்துடுச்சு. குப்பை வண்டியில போட்டுட்டேன்.”

“என் வீட்டுக்காரர் பின்னினது” என்றார். “உடம்பு முடியாம வீட்டுல இருந்தப்ப கத்துக்கிட்டார். ஒரு இடத்துல இழை மாறிப்போச்சு. பிரிக்கறேன்னார், நான்தான் வேண்டாம்னேன். சரி, விடுங்க. எலி பண்ணினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க.”

அந்த நாற்காலியை அவர் வீட்டு ஹாலில் பார்த்தவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். தில்லை நகரில் ஒரு ஆசாரி போனில் படம் பார்த்து அதே மாதிரி சட்டம் செய்தார். முதல் நாற்காலியில் காலை மடக்கி உட்கார முடியவில்லை என்றார்கள். அகலப்படுத்தி, காலைக் குட்டையாக்கி, கைப்பிடியை எடுத்தார். வெளுத்த மரத்தைப் பார்த்து “வேலை பாக்கியா?” என்று வாங்க வந்தவர்கள் கேட்டதால் தேக்குக் கலர் அடித்தார். நான் ஒயர் பின்னினேன். கல்யாணச் சீருக்குக்கூட வாங்கிப் போனார்கள். “டென்மார்க் சேர்க்கார அம்மா” என்று எனக்குப் பெயரே ஆகிவிட்டது. ஒவ்வொரு முறை அப்படிக் கூப்பிடும்போதும் தலை குனிந்துகொள்வேன். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

எங்கேயோ பிறந்த சாமான் இங்கே வந்து நம் உடம்புக்கும் வெயிலுக்கும் ஏற்ற மாதிரி மாறுவதில் தப்பில்லை என்று எனக்கு நானே நிறைய சொல்லிப் பார்த்துவிட்டேன். மற்றவர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டதை மாற்றினார்கள். நான், மேடம் தொடவேண்டாம் என்று சொன்னதைத் தொட்டேன்.

மலருக்கு இதைப் பாதி எழுதியதும் பேனா ஓடவில்லை. அச்சில் படித்து அவர் தெரிந்துகொள்வது இன்னும் கேவலம். எழுதியதை மடித்து வைத்துவிட்டு நேற்று முன்தினம் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். எலி ஒரு ஓரம்தான் கடித்தது, மீதி என் கத்தி, அப்புறம் அடுப்பு என்று.

அவர் ஹாலில் இருந்த அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

“மூணு வருஷமா எலி மேல கோவமா இருந்தேங்க” என்றார். “ரெண்டு தடவை பொறிகூட வாங்கினேன்.”

“மன்னிச்சிடுங்க மேடம்.”

“அன்னிக்கே சொல்லியிருந்தா சாம்பலையாவது வந்து பாத்திருப்பேன்.”

அவர் எழுந்து அந்த நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தினார்.

“இந்த ஒயரைப் பிரிச்சுட்டு வெறும் சட்டமா கொண்டாந்து குடுங்க. அது போதும். மலர்ல எழுதணும்னா எழுதிக்கோங்க.”

மறுநாள் காலை ஒயரைப் பிரித்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. மதியம் சட்டத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.