செபத்துக்கு மிஞ்சிய மூச்சு

சாகக் கிடந்தவருக்குத் தைலம் பூசிச் செபிக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போன குருவானவர் ஒருவரை, முதுகில் சுமந்துபோய் நோயாளியின் பக்கத்தில் இறக்கியிருக்கிறார்கள். அந்தச் சுமை நான்தான். தீவுப்பகுதிக்கு மாற்றலாகி வரும் இளம் குருக்களுக்கு உதவும் என்பதால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

1. சுமை

எனது பங்கு ஊர்காவற்றுறைப் பக்கம். அனலைதீவில் உள்ள சில கத்தோலிக்கக் குடும்பங்களும் என் பொறுப்பு. ஆன்மாவைக் கவனித்தால் போதும், உடம்பு எப்படியும் மண்ணுக்குத்தான் என்பது அப்போது என் இறையியல். வீடு சந்திக்கப் போன இடமெல்லாம் கிடைத்த றோல்சும் கேக்கும் அதை உறுதிப்படுத்தின.

ஒருநாள் காலை அனலைதீவு மீனவர் அன்ரன் நான் தங்கியிருந்த கோவில் அறைவீட்டுக்கு ஓடிவந்தார்.

"பாதர், அப்பாவுக்குக் கடுமை. பூசுதல் இல்லாமல் போகமாட்டன் எண்டு கிடக்கிறார். கெதியா வாங்கோ."

இறங்குதுறையால் சுற்றிப் போக நேரமில்லை என்று வீட்டுக்கு நேரே வள்ளத்தை விட்டார். கடல் வற்றியிருந்தது. கரைக்கு வெகு முன்பே வள்ளம் தரைதட்டியது. முழங்காலளவு தண்ணீர், அடியில் சேறு. பருத்த உடம்போடு பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டேன்.

"ஏலாது, அன்ரன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தைலக் குப்பியை நீங்கள் கவனமாப் பிடியுங்கோ, பாதர். மிச்சத்தை நான் தூக்கிறன்."

மிச்சம் முதுகில் ஏறியது.

என்னைக் கட்டிலோரம் கதிரையில் இறக்கியபோது தகப்பன் சூசைப்பிள்ளையர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"பூசுதல் ஆருக்கடா? எனக்கோ, பாதருக்கோ?"

செபத்தைத் தொடங்கினேன். மூச்சு வரவில்லை. எனக்கு மூச்சு வரும்வரை, மூச்சு முடியப்போகிறவர் பொறுமையாகக் காத்திருந்தார். அதுதான் சுட்டது. ஒருவாறு பூசி முடித்தேன். அவரும் அன்று சாகவில்லை.

2. ஓட்டம்

அந்தக் கிழமையே சப்பாத்து வாங்கி நடந்தேன், பிறகு ஓடினேன். இடுப்புப்பட்டிக்குப் புதிய ஓட்டைகள் விழுந்தன. காலைச் செபம் ஓட்டத்துக்கு வழிவிட்டது. பீடத்தின் முன்னால் இருந்ததைவிடக் கண்ணாடியின் முன்னால் நின்ற நேரம் கூடியது. பிரசங்கத்தில் நோன்பைப் பற்றிச் சொல்லும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

அனலைதீவில் ஒரு பூசை முடிய, சூசைப்பிள்ளையரின் மனைவி மரியம்மா அக்கா வாசலில் கேட்டார்.

"பாதர், இப்ப பூசை கெதியா முடியுது. ஓட நேரமாகுதோ?"

திரும்பி வரும்போது வள்ளத்தில்தான் உறைத்தது. கொழுப்போடு சேர்த்துச் செபத்தையும் கரைத்திருக்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து விடியற்காலையில் முதலில் முழந்தாளில் செபம், பிறகு நடை. நடக்கும்போது கையில் செபமாலை. முதல் நாள் அதையும் ஓட்ட வேகத்தில் சொன்னேன். மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும். மெல்லத்தான் ஒன்று பிடிபட்டது. செபத்தைத் திருத்தமாகச் சொல்ல மூச்சு மிஞ்சவேண்டும். அதுவே சரியான வேகம்.

3. நடை

அன்ரன் மறுபடி வந்தார். "இந்தமுறை தப்பமாட்டார், பாதர்."

மறுபடியும் வற்றுக்கடல். அன்ரன் குனிந்து முதுகைக் காட்டினார். நான் தைலக் குப்பியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.

கட்டிலோரம் செபம் ஒரு சொல்லும் உடையாமல் வந்தது. பூசியபின் கதிரையை இழுத்துப்போட்டு, சூசைப்பிள்ளையரின் கையைப் பிடித்தபடி செபமாலை சொன்னேன். அவருடைய உதடும் அசைந்தது. பின்னேரம், என் கைக்குள் அந்தக் கை ஓய்ந்தது.

இளையவர்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். தைலத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கால்கள். போய்ச் சேர்ந்தபின் சொல்வதற்கு ஏதாவது இருக்கவேண்டும் என்றால், அது புறப்படமுன் முழந்தாளில் சேர்த்தது. இரண்டையும் தினமும் பழக்குங்கள்.

அடக்கம் முடிந்தபின், இந்தமுறை நடந்தே வந்ததை மரியம்மா அக்காவிடம் மெதுவாக நினைவூட்டினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம் பாதர், அவர் கிடந்தபடியே யன்னலாலை பாத்தவர். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். போனமுறை மகன் உங்களைத் தூக்கிக்கொண்டு வந்ததை நினைச்சு நினைச்சுச் சிரிச்செல்லோ மனுசன் இவ்வளவு நாளும் கிடந்தவர்."