பேரைச் சொன்னால் பலிக்காது

கடல் தாண்டிப் பிழைக்கப்போன இடத்தில், பசுந்தாங் ஓடைக்கரை அரிசி மில்லைச் சுற்றி அலைந்த நாய்களுக்குக் கணக்கே இல்லை. அதில் ஒன்று என் மகளின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடிப்போயிற்று. அவள் அப்போது சின்னப் பிள்ளை. கடித்த நாய் சாகாமல் திரிந்தால் பயமில்லை என்பார்கள். என் வீட்டுக்காரர் துறைமுக வேலையைப் போட்டுவிட்டுத் தேடினார். எல்லாம் ஒரே செவலை நாய்கள். எதை என்று பிடிப்பது?

எங்கள் மரவீட்டின் அடுத்த அறையில் ஓர் அக்கா இருந்தாள். மில்லில் அரிசி புடைப்பவள், நாய்க்கடிக்குப் பச்சிலை கொடுப்பவள். விடியுமுன் யாரோடும் பேசாமல் ரயில் பாதையோரம் போய், எதையோ கிள்ளி முந்தானைக்குள் மறைத்து வருவாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் அரைப்பாள். நம் கைக்கு வரும்போது அது வெறும் வெல்ல உருண்டை. உப்பு, புளி ஆகாது, அந்த ஊர்க்காரர்கள் ஊறவைத்து இடிக்கும் நாப்பி மீன் விழுதின் வாடைகூடக் கூடாது என்றாள்.

என்ன இலை என்று கேட்டேன்.

"பேரைச் சொன்னா பலிக்காதும்மா."

எங்கள் ஊர்ப்பக்கமும் அப்படித்தான் சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டேன். என் வாய்க்கு அது பெரிய காரியம்.

கடைசி உருண்டை கொடுத்த அன்று மத்தியானம் மகளின் முகம் சிவந்து உடம்பு கொதித்தது. இல்லாத நூலைக் காற்றில் பிடித்துப் பிடித்து இழுத்தாள். என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றாள். வாய் உலர்ந்திருக்கிறதே என்று தண்ணீர் கொடுத்தால், விழுங்க முடியாமல் திணறித் தம்ளரைத் தட்டிவிட்டாள்.

வாசலில் கூடியவர்களில் யாரோ, "தண்ணியக் கண்டு மிரளுது, அதேதான்" என்றார்கள். எல்லோரும் தங்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள்.

ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"இது நாய்விஷமா, உன் மருந்தா?"

"மருந்துதாம்மா வேலை செய்யுது. பொறு."

"மருந்து கொடுக்கிறவங்க எல்லாரும் சொல்றதுதானே அது! இலையோட பேரைச் சொல்லுக்கா. தெரிஞ்ச இலைன்னா நம்புவேன்."

"சொன்னா மருந்து முறிஞ்சிடும். நாளைக்கு விஷம் ஏறிச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

அவள் ஏய்க்கவில்லை. அவளும் அதை நம்பித்தான் சொன்னாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. உள்ளே மகள் அலறினாள்.

"சொல்லு" என்றேன்.

என் காதில் சொன்னாள். ஊமத்தை.

அப்போ இது நாய்விஷமில்லை, இலையின் வேலைதான். ஊரில் என் சித்தப்பா ஊமத்தை தின்றுவிட்டு இதே போல் காற்றில் நூல் இழுத்தவர்; மறுநாள் எழுந்து கஞ்சி கேட்டார். என் மகளும் மறுநாள் தெளிந்து, "அம்மா, பசிக்குது" என்றாள்.

ஆனால் பேரைச் சொல்ல வைத்தது நான்தானே? மருந்து முறிந்ததா இல்லையா, யாருக்குத் தெரியும்? நாய்விஷம் மாதக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும் என்பார்கள். மழைக்காலம் முழுதும் அவள் தம்ளரை எடுத்தாலே எனக்கு வேலை ஓடாது; அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அக்காவும் ஏதாவது சாக்குச் சொல்லி வந்து வாசலில் நிற்பாள்.

"குடிச்சிச்சா?"

"குடிச்சிச்சு."

ஒருநாள் மகள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"தண்ணியில என்னம்மா இருக்கு?"

அன்றிலிருந்து அவளும் தண்ணீரைப் பயந்து பயந்துதான் குடித்தாள்.