மாமாவுக்கு என்ன வியாதி?

என் அக்கா, சட்டை தைக்கிற கம்பெனியில் காஜா எடுப்பவள். பட்டன் நுழைகிற ஓட்டைகளை வரிசையாகப் போட்டுத் தள்ளுவாள். வேலையில் அவளைக் குறை சொல்ல ஆள் கிடையாது. வாய் விஷயத்தில்தான் ஒருமுறை சறுக்கினாள்.

அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, பிளம்பர். தங்கமான மனுஷன். கல்யாணமாகிச் சில வருஷத்தில் ஞாயிறு ஜெபத்துக்குச் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டார். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. "உள்ள ஒண்ணும் தோணல. தோணாம கண்ணை மூடி நின்னா அது நடிப்பு. உன் ஆண்டவர் முன்னாடி நடிக்கச் சொல்றியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவளும் பிள்ளைகளும் மட்டும் ஆராதனைக்குக் கிளம்புவார்கள். மாமா துணிக்கு இஸ்திரி போட்டுக் கொடுப்பார், திரும்பி வருவதற்குள் சமைத்தும் வைப்பார். இதற்கு மேல் என்ன வேண்டும் உனக்கு என்று நான் கேட்பேன். "பக்கத்துல அவரு வேணும்டி" என்பாள். எல்லோரும் ஜோடியாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் தனியாக உட்கார்ந்தவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் பெண்கள் ஜெபக் கூட்டத்தில், "என் வீட்டுக்காரர் மனந்திரும்பணும், ஜெபிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னது அவ்வளவுதான். நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள். மனந்திரும்பணும் என்றால் ஏதோ கஷ்டம். கஷ்டம் என்றால் என்ன கஷ்டம்? ஆம்பளை குடிக்கிறான்! டீயைத் தவிர எதையும் தொடாத என் மாமா இப்படித்தான் சபை முழுக்கக் குடிகாரர் ஆனார்.

சபையின் தண்ணீர்த் தொட்டிக் குழாய் உடைந்தபோது அவரைத்தான் கூப்பிட்டார்கள். முகம் சுளிக்காமல் போனார். குனிந்து வேலை செய்தவரின் தலையில், சபையின் பெரியவரான மூப்பரின் மனைவி கை வைத்து, "தம்பி, உங்களுக்காக நாங்க எல்லாரும் அழுது ஜெபிக்கிறோம்" என்றிருக்கிறார்.

"எனக்கு என்னம்மா வியாதி?"

"அந்தக் குடியை மட்டும் விட்டுடுங்க தம்பி. உங்க சம்சாரம் எவ்வளவு நல்ல பொண்ணு!"

மாமா குழாயை முழுசாகச் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "உன் ஆண்டவர்கிட்ட என்னைப் பத்தி என்ன வேணா சொல்லு. ஊர்கிட்ட ஏன் சொன்ன?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா என்னிடம் வந்து அழுதாள். "இனிமே எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு சபைக்குப் போறது? நான் போகாம இருந்துட்டா அவருக்கும் நிம்மதி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்க்கா, வாயை விட்டது நீ. தண்டனை ஆண்டவருக்கா?" என்றேன்.

அடுத்த ஞாயிறு போனாள். ஆண்டவர் செய்ததை எல்லோர் முன்னும் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். அன்று துணைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். "என் வீட்டுக்காரர் குடிக்க மாட்டார். ஒருநாளும் குடிச்சதில்ல. அவர் இங்க வராதது எனக்குக் கஷ்டம்தான். அதை நான் இங்க கொட்டியிருக்கக் கூடாது. இனி அவருக்காக நான் வீட்ல ஜெபிச்சுக்கிறேன்." போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். மூப்பரின் மனைவிக்குத் திடீரென்று வேதாகமத்தில் ஏதோ தேட வேண்டியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு நானும் அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் முந்திக்கொண்டு மாமாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்கள். அவர் பரிமாறிக்கொண்டே, "அப்போ இன்னும் எனக்காக ஜெபம் பண்ணுவ?" என்றார்.

"பண்ணுவேன். அதை மட்டும் விடச் சொல்லாதீங்க."

"விடச் சொல்லல. என் முன்னாடி பண்ணு. என்னைப் பத்தி நீ என்ன சொல்றன்னு நானும் கேட்டுக்கிறேன்."

தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அக்கா கண்ணை மூடினாள். ஜெபிக்க ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் அவள். "ஆண்டவரே, இந்த மனுஷன்..." என்றாள். மேலே ஓடவில்லை. எதிரே அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது, இவரிடம் எதை மாற்றித் தரச்சொல்லிக் கேட்பாள்? "இந்த மனுஷன்..." என்று மறுபடி ஆரம்பித்தவள் விம்மி அழுதுவிட்டாள்.

மாமா தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, சாப்பாடு ஆறுது. மீதியை நாளைக்குச் சொல்லு, நான் இருப்பேன்" என்றார்.