நடமாடிய விரல்

அவரை எல்லோரும் டிரம்மக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் ஆறு பன்றிகளும் எட்டு நீல டிரம்மும் வைத்திருந்தார். கணவர் போய்ச் சேர்ந்து பல வருஷம். தம்பி ஒருவன்தான் துணை. அவன் அறுப்புக்கூடத்தில் எலும்பு வெட்டும் மெஷினில் நின்றான்.

தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாமல் அக்கா திணறியபோது, கால்நடை மருத்துவனான நான்தான் அந்த வழியைச் சொன்னேன். கூடத்தில் வீணாகும் ரத்தம், குடல், நுரையீரலையெல்லாம் நன்றாகக் கொதிக்க வைக்க வேண்டும். ஆறியதும் தவிடும் கரும்பாலையில் கிடைக்கும் மொலாசஸ் பாகும் கலந்து, பழைய டிரம்மிலிருந்து ஒரு கரண்டி புளிப்பு ஊற்றி, காற்றுப் போகாமல் மூட வேண்டும். பத்து நாளில் சத்தான தீவனம். வளரும் பன்றிக்குத் தவிட்டோடு கொஞ்சம் கலந்து போட்டால் போதும், மளமளவென்று எடை ஏறும். அக்கா இரண்டே மாதத்தில் என்னை மிஞ்சிவிட்டார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தே, பழுத்தது எது, கெட்டது எது என்று சொல்லிவிடுவார். "உங்க படிப்பு மூக்குக்கு வரல டாக்டர்" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தம்பியின் இடது கையில் இரண்டு விரல்களை அந்த மெஷின் எடுத்துவிட்டது. கூட இருந்தவர்கள் தரையெல்லாம் தேடியும் விரல் கிடைக்கவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். அன்றைய கழிவுத் தொட்டி வழக்கம்போல வண்டியேறி அக்கா வீட்டுக்கு வந்தது. விஷயம் தெரியாத அக்கா, நாலு மணிக்கு அதை அண்டாவில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு என்ன செய்தாய் என்று தம்பி அக்காவிடம் கேட்டானாம். இல்லாத விரல்கள் அப்போது கொதிக்கிற தண்ணீரில் கிடந்ததுபோல வெந்தனவாம். வெட்டுப்பட்ட கை அப்படித்தான் ஏமாற்றும் என்று நர்ஸ் சொல்லி ஊசி போட்டாள். அக்காவும் அதையே நம்பினார்.

ஆறாம் நாள் அவன் வேறு மாதிரி சொன்னான். "இப்ப வலி இல்லக்கா. வெதுவெதுப்பா, கொழகொழன்னு எதுலயோ இருக்கு. பக்கத்துல குமிழி குமிழியா வெடிக்குது. புளிச்ச வாடை கூட வருது."

அன்று காலையில்தான் அக்கா, விபத்தன்று கொதிக்க வைத்ததை அடைத்திருந்த டிரம்மின் மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றியிருந்தார். விரல்கள் அந்தக் கழிவோடு வந்திருக்குமோ என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. ஆனாலும் தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நோயாளி ஏதோ பிதற்றுகிறான், அதற்காக ஒரு டிரம் தீவனத்தைக் கொட்டுவதா என்று மனதை அடக்கிக்கொண்டார். பத்தாம் நாள் திறந்தார். வாடை அருமையாக இருந்தது. பன்றிகள் முண்டியடித்துக்கொண்டு தின்றன. இதையெல்லாம் பின்னாளில் அவர் என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒண்ணு இன்னும் புளிப்புலதான் இருக்கு. இன்னொண்ணு நடமாடுது."

அக்கா எழுந்து போய், பாதி காலியான டிரம்மைச் சாக்கில் கவிழ்த்தார். இரண்டு கையாலும் துழாவினார். அடியில் அது கிடைத்தது, வெளுத்துப் போய், நகத்தோடு. ஒன்றுதான். சுவரோரம் குழி தோண்டி அதைப் புதைத்துவிட்டு உள்ளே வந்தபோது, அவன் கட்டிய கையைத் துண்டால் போர்த்திக்கொண்டிருந்தான். அந்த விரல் திடீரென்று குளிர்கிறது என்றான். அதற்கு மேல் மறைக்க முடியாமல் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். அவன் கோபப்படவில்லை. எந்தப் பன்றி என்று மட்டும் கேட்டான். அது யாருக்குத் தெரியும்?

மறுநாளிலிருந்து அவன் கொட்டில் மதில்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வான். "இப்ப திரும்புது. இப்ப படுக்குது" என்பான். ஆறில், காது கிழிந்த பெட்டை ஒன்று அதே நேரத்தில் திரும்பும், அதே நேரத்தில் படுக்கும். முதல் இரண்டு நாள் தற்செயல் என்று அக்கா நினைத்தார். பிறகு அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தும் பார்த்தார். அவன் சொன்னது ஒரு முறைகூடத் தப்பவில்லை.

வியாபாரி வந்தபோது ஐந்து பன்றிகள் லாரி ஏறின. அந்தப் பெட்டையைத் தர முடியாது என்று அக்கா சொல்லிவிட்டார். டிரம் வேலையை அவர் விடவில்லை. ஆனால் அந்தப் பெட்டைக்கு மட்டும் தவிடும் காய்கறித் தோலும்தான். நாலு வருஷம் அதற்குத் தடுப்பூசி போட்டது நான். நான் ஊசியைக் குத்தும்போது, வீட்டுக்குள் இருக்கும் தம்பி பல்லைக் கடித்துக்கொள்வதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். நரம்பு சமாச்சாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு காலையில் அது செத்துப்போனது. தம்பி அப்போது தீவனக் கடையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தானாம். தகவல் சொல்லப் போன அக்காவை அவன் பாதி வழியிலேயே எதிர்கொண்டான். என்னைக் கூப்பிட்டார்கள். இத்தனை நாள் இருந்த பன்றி எதனால் போனது என்று பார்க்கலாமே என்று பையிலிருந்து கத்தியை எடுத்தேன்.

தம்பி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வேணாம் டாக்டர். வலிக்கும்."

கத்தியைத் துடைத்துப் பைக்குள் வைத்தேன். மூன்று பேருமாகக் குழி வெட்டினோம். மண் இறுகிக் கிடந்ததால் முடிய மதியம் ஆகிவிட்டது.