அவர் சொன்ன "ஆமாங்க"

மெக்கானிக்கிடம் போனால் செலவு ஜாஸ்தி என்று, ஆன்லைனில் மலிவாக வாங்கிய வெள்ளை எல்.இ.டி. பல்புகளை என் பழைய காரின் முன்விளக்குகளில் நானே மாட்டினேன். வெளிச்சம் எந்த உயரத்தில் விழுகிறது என்று பார்க்கவில்லை. அன்று இருட்டத் தொடங்கியதும் கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை வழியே பெருமையாக ஓட்டிப்போனேன். எதிரே வெறுங்காலோடு கிரிவலம் வந்த ஓர் அம்மா, கண் கூசிக் கல்லில் இடறிவிட்டார். பதறி இறங்கினேன். கால் பெருவிரலில் ரத்தம்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. மொதல்ல லைட்டை நிறுத்துங்க. பின்னாடி எங்க வீட்டுக்காரர் வர்றாரு, கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவரு" என்றார்.

அணைத்தேன். மெல்ல வந்து சேர்ந்த கணவர், "பாரு, நமக்காக லைட்டை அணைச்சுட்டு நிக்கிறாரு. நல்ல மனுஷன்" என்றார்.

அந்த அம்மா புடவைக் கரையால் விரலை மறைத்துக்கொண்டு, "ஆமாங்க" என்றார்.

மறுநாளே பழைய மஞ்சள் பல்புகளை மாட்டிவிட்டேன். அந்த "ஆமாங்க"வை உண்மையாக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.