செனாம்ரோபிக் உபயம்

என் மகளுக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, பள்ளிக்கு வந்த சுகாதார நர்ஸ் அவளை எடை பார்த்துவிட்டுக் கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கிருந்த டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு மலாயில் நிதானமாகச் சொன்னார். இனிப்புநீர் வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வருவதற்கான அறிகுறி இருக்கிறது. பள்ளி விடுமுறை முடிந்ததும் மறுபடி வரவேண்டும். அதற்குள் எடை குறையாவிட்டால் மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு டாக்டர் மேல்தான் கோபம். நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை மேல் எல்லோரும் கண் வைப்பார்கள், இவரும் வைத்துவிட்டார் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். எங்கள் ஊர் புக்கிட் ரம்பாயில் இறங்குவதற்குள் கோபம் போய்ப் பயம் வந்துவிட்டது.

லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அங்கே எல்லோரும் ஒல்லியாக இருந்தோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வயிறாரச் சாப்பாடு இல்லாததால் ஒல்லி. அதனால் கல்யாணமாகித் தாமான் குடியிருப்பு வீட்டுக்கு வந்து, நானும் பேக்டரியில் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு, பிள்ளையின் தட்டு நிறைந்திருப்பதைப் பார்ப்பதே எனக்குச் சந்தோஷம். ஷிப்ட் முடிந்து வரும்போது கோழிப் பொரியல் வாங்கி வருவேன். குளிர்பெட்டியில் சிரப் தண்ணீர் எப்போதும் இருக்கும். அவள் "போதும்மா" என்று சொன்ன பிறகும் ஒரு கரண்டி சோறு போடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

சாயங்காலத்தில் தாமானைச் சுற்றி நடந்துவிட்டு வா என்றேன். அவள் அசையவில்லை.

"தனியா நடந்தா பையனுங்க கிண்டல் பண்ணுவானுங்கம்மா. எல்லாரும் செஞ்சா நானும் செய்றேன்."

சரி, எல்லோரையும் செய்ய வைத்துவிடுவோம் என்று கிளம்பினேன். எங்கள் தாமானில் குண்டுப் பிள்ளைகளுக்கா பஞ்சம்? கோயில் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். தலைவி மளிகைக்கடை நடத்துபவர், எல்லோருக்கும் அக்கா. அன்றைக்கே திட்டம் போட்டோம். ஞாயிறு காலை கோயில் பக்கத்துத் திடலில் செனாம்ரோபிக். பாட்டுப் போட்டுக் கைகால் ஆட்டும் இந்த உடற்பயிற்சி அப்போது ஊரெங்கும் பரவியிருந்தது. என்னோடு பேக்டரியில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கு அது அத்துப்படி. அவள் கேசட் ரேடியோவோடு வருவதாக ஒப்புக்கொண்டாள். முடிந்ததும் என்ன சாப்பிட வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று பத்து நிமிடம் பேச்சு. பிறகு அவித்த கச்சாங் கடலையும் வெறும் தண்ணீரும். எல்லோரும் தலையாட்டினார்கள்.

முதல் வாரம் அப்படியே நடந்தது. என் மகள் கடைசி வரிசையில் நின்று ஆடினாள், ஆனால் ஆடினாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது அக்கா என்னை ஓரமாக அழைத்தார்.

"கோயில் இடத்துக்குக் கூப்பிட்டு வெறும் தண்ணியா குடுத்து அனுப்புறது? பசியாறாம போவுதுங்க, பாவம்லா. அடுத்த வாரம் ஒருத்தவங்க மகனுக்குப் பொறந்தநாளாம், உபயமா எடுத்துக்கிறேன்னு சொல்றாங்க."

அந்த வாரம் இட்லி வந்தது. ஒருவர் இட்லி கொடுத்தால் அடுத்தவர் இட்லியோடு நிற்பாரா? மறுவாரம் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், அதற்கடுத்து பொரித்த மீகூன் சேமியா, கேசரி, வடை, ரோஸ் கலரில் பண்டோங் தண்ணீர். உபயத்துக்கு வரிசை கட்டினார்கள். பக்கத்துத் தாமான்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள். சில பேர் கடைசிப் பாட்டுக்குச் சரியாக வந்து சேர்ந்தார்கள். கோயில் தலைவர் மைக்கில் எங்களைப் பாராட்டினார். நான் பானைக்குப் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தேன்.

"அக்கா, எடை குறைக்கத்தானே இதை ஆரம்பிச்சோம்?"

"புள்ளைங்க வேர்க்க வேர்க்க ஆடுதுங்க, அந்த வயிறு காயலாமா? சாமி எடத்துல உபயம் வேணாம்னு சொல்ல நீ யாரு, நான் யாரு?"

சாமியைச் சொன்ன பிறகு நான் கரண்டியை எடுத்துப் பரிமாற ஆரம்பித்தேன். எங்கள் ஆட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இதற்குள் என் மகள் முன்வரிசைக்கு வந்திருந்தாள். நன்றாக ஆடினாள், அதைவிட நன்றாகச் சாப்பிட்டாள். ஒருநாள் காலை அவளுடைய பள்ளிச் சீருடையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது. ஊக்கு தேடிக் குத்தி அனுப்பினேன்.

அடுத்த உபயத்தை நானே எடுத்தேன். பப்பாளி, கொய்யா, அவித்த கடலை, சீனி போடாத பார்லித் தண்ணீர். "மானத்த வாங்காதே, ஒரு கேசரியாவது கிண்டு" என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார். கிண்டவில்லை. பிள்ளைகள் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு தாய், "சாப்பாடு பின்னால வருதா?" என்று கேட்டாள். அக்கா ஒரு துண்டு கொய்யாவை எடுத்துக்கொண்டு கடையைப் பார்க்கப் போனார். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்க நான் கஞ்சப் பிசினாறி.

மறுவாரம் யாரும் உபயம் எடுக்கவில்லை. திடலில் ஈ காக்கை இல்லை. பேக்டரிப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம், "அக்கா, எனக்குப் பேக்டரில ஓட்டி வேலை இருக்கு, ரேடியோவ அப்புறமா வாங்கிக்கிறேன்" என்று கிளம்பிவிட்டாள். இவ்வளவு பாடும் வீண், இனி இவள் வீட்டைவிட்டு நகர மாட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வா, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

அவள் குனிந்து ரேடியோவின் பொத்தானை அமுக்கினாள். "நீ இருக்கல்லம்மா. வந்து நில்லு."

இத்தனை வாரமும் நான் நின்றது பானைக்குப் பக்கத்தில்தான். பஞ்சாபி சூட்டின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தேன். ஒரு பாட்டு முடிவதற்குள் கண் இருட்டி, புல்லில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டு நின்றது. கிண்டல் செய்வாள் என்று பார்த்தேன், செய்யவில்லை.

"உனக்கு எப்பவும் இப்படித்தான் மூச்சு வாங்குமா? கிளினிக்ல என்னைக்காவது காட்டிருக்கியா?"

"எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன்."

"அப்ப கிளினிக்குக்கு என்னோட வந்து ஊசிக்குக் கைய நீட்டு."

அதற்குப் பிறகு ஷிப்ட் இல்லாத நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் திடலுக்குப் போனோம். பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவள் ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

விடுமுறை முடிந்து கிளினிக்குக்குப் போனோம். அவளுக்கு எடை கொஞ்சம் இறங்கியிருந்தது, ரத்தத்திலும் இனிப்பு குறைந்திருந்தது. டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிறகு எனக்கும் எடுத்த ரத்தச் சோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு இனிப்பை வைத்துக்கொண்டு இரவு ஷிப்டில் எப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டார். மாத்திரை எழுதியது எனக்கு.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். என் தட்டில் கொஞ்சம் சோறு, நிறையக் கீரை. இன்னும் ஒரு கரண்டிக்காக நிமிர்ந்து பார்த்தேன். அவள் கண் என் மாத்திரைக் கவரிலேயே இருந்தது. தன் ரத்தத்தைச் சோதித்த அன்றுகூடப் பயப்படாதவள் எனக்காகப் பயந்தாள். நான் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு, "போதும்" என்றேன்.