கடைசிப் பிரிவின் கடைசிக் கோப்பை

நான் றக்பி விளையாடத் தொடங்கியபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதற்கு முன்பு அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில்கூட முழுதாகப் பார்த்ததில்லை. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் நாங்கள் வீடு வாங்கிக் குடிபோன கோடையில், நானும் கணவரும் ஒரு பெரிய ஃபிரிஜ்ஜை வான் வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தோம். அவர் மேல்பக்கம், நான் கீழ்ப்பக்கம். பாரம் முழுக்க என் பக்கம். பக்கத்து வீட்டுப் பெண் உதவிக்கு வருவாள் என்று பார்த்தால், அவள் கையைக் கட்டிக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தாள். ஃபிரிஜ் உள்ளே போனதும் வந்து ஆங்கிலத்தில் கேட்டாள்:

"செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் உனக்கு ஏதும் வேலை இருக்கிறதா?"

அவள் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து வந்தவள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பிக்கரிங்கில் ஒரு பெண்கள் றக்பி அணியின் தலைவியாகவும் இருந்தாள். அவளுடைய அணிக்கு முன்வரிசையில் ஆள் இல்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உமக்கென்ன விசரே? கையைக் காலை முறிச்சுக்கொண்டு வந்து நிக்கப்போறீர்."

"கிரிக்கெட் விளையாடித்தானே உங்களுக்கு முழங்கால் போனது? நான் ஏதும் சொன்னனானோ?"

செவ்வாய்க்கிழமை வந்ததும் அவரே காரை எடுத்தார்.

நாங்கள் விளையாடிய லீக் நகரத்துக்குக் கிழக்கே இருந்த ஊர்களுக்கானது. பெண்கள் றக்பியின் படிநிலையில் அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அதன் கதையைத் தலைவிதான் எனக்குச் சொன்னாள். அவள் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தவள். பெரிய கழகங்கள் பள்ளிக்கூடத்திலேயே விளையாடிப் பழகியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டன. மற்றவர்கள் எங்கே போவது? தாதிகள், பேக்கரியில் வேலை செய்தவர்கள், பிள்ளை பெற்ற பிறகு எதையாவது செய்யவேண்டும் என்று தவித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு பிரிவைக் கேட்டு வாங்கினார்கள். முதல் ஆட்டம் நடந்த மைதானத்தில் கோல் கம்பங்களே இல்லை. உதைத்த பந்து உள்ளே போனதா இல்லையா என்பதை நடுவர் வானத்தைப் பார்த்து முடிவு செய்தாராம். தொடக்கத்தில் எட்டு அணிகள். ஏரிக்கரை ஊரிலிருந்து ஒன்று. வடக்கே பண்ணைகளிலிருந்து பிக்கப் வண்டிகளில் வந்து இறங்கும் ஒன்று. பண்ணைப் பெண்களுக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அவர்கள் கன்றுக்குட்டிகளைத் தூக்கிப் பழகியவர்கள்.

எங்கள் அணி எப்போதும் கடைசி இடத்தில் இருந்தது. கடைசிப் பிரிவில் கடைசி இடம். அதை மறைக்காமல் சொல்லிச் சிரிப்பதுதான் எங்கள் வழக்கம்.

என் முதல் ஆட்டத்தில் நாங்கள் படுதோல்வி அடைந்தோம். ஆனால் திரும்பி வரும்போது காரில் நான் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன் என்று கணவர் இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு மிசிசாகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கார் இடித்தவர்கள், வீட்டுக்குள் வெள்ளம் வந்தவர்கள் எல்லோரிடமும் நாள் முழுக்கத் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்பதுதான் என் தொழில். மைதானத்தில் யாரிடமும் நான் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. தலையைத் தாழ்த்தி, இரண்டு பக்கமும் இரண்டு பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு, எதிரே இருப்பவர்களைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். அவ்வளவுதான். சிறு வயதிலிருந்து என் அகன்ற தோள்களை மறைக்கும்படி தைத்த சட்டைகளையே போட்டு வந்தவள் நான். அந்தத் தோள்களை முதல்முறையாக ஒருத்தி கைதட்டிப் பாராட்டியது அந்தச் சேற்றில்தான்.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு கோயம்புத்தூர்ப் பெண் வந்து சேர்ந்தாள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பனை மாதிரி உயரம், பனை மாதிரியே ஒல்லி. கல்லூரியில் கைப்பந்து ஆடியவளாம். முதல் நாள் நான் அவளிடம், "முதல்ல கெதியா ஓடும், பேந்து பந்தைப் பாக்கலாம்" என்றேன். அவள் அப்படியே நின்றாள்.

"பேந்துன்னா என்னங்க அக்கா?"

"பிறகு."

"அதைப் பிறகுன்னே சொல்லியிருக்கலாமேங்க."

அவள் வந்த பிறகு எங்களுக்கு ஒரு வழி திறந்தது. றக்பியில் பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு அணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசையாக நிற்கும். ஒருத்தி கோட்டிலிருந்து பந்தை நடுவே எறிவாள். வரிசையில் இருப்பவர்கள் தங்களில் ஒருத்தியைத் தூக்கிப் பிடிப்பார்கள். அவள் அந்தரத்தில் பந்தைப் பிடிக்கவேண்டும். வரிசையின் முன்பக்கம் எறியப்போகிறோமா, நடுவிலா, பின்பக்கமா என்பதை எதிரணிக்குத் தெரியாமல் சொல்லவேண்டும். எங்கள் அணியில் எறிவது நான். தூக்கப்படுவது கோயம்புத்தூர்க்காரி. ஆகவே நாங்கள் தமிழில் சொன்னோம்: முன்னுக்கு, நடுவில, பின்னுக்கு. தூக்குகிற பெண்கள் மூன்று சொற்களையும் பாடமாக்கினார்கள். தலைவியின் வாயில் 'நடுவில' என்பது 'நாடுவிலா' ஆயிற்று. யாருக்கு என்ன? எதிரணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வருடம் நாங்கள் கடைசி இடத்தை விட்டு மேலே வந்தோம்.

ஆனால் லீக் எங்களுக்குக் கீழேயே கரைந்துகொண்டிருந்தது. ஒரு மைதானத்தில் வீடுகள் கட்டினார்கள். ஓர் அணியில் பாதிப்பேர் வாடகை குறைந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். பெருந்தொற்றுக்குப் பிறகு திரும்பி வந்தவை நான்கு அணிகள்தான். ஒரு வசந்த காலத்தில் தலைவி எங்கள் வாசலில் வந்து நின்று, இந்தப் பருவத்தோடு லீக் முடிகிறதாம் என்றாள். கண் சிவந்திருந்தது. நான் அவளை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். கோப்பை காலியானதும் அவள் நிமிர்ந்தாள்.

"அப்படியானால் இந்தமுறை நாம்தான் வெல்லவேண்டும். அடுத்த வருடம் என்று ஒன்று இல்லையே."

அந்தப் பருவத்தின் நடுவில் ஏரிக்கரை அணியும் ஆள் இல்லாமல் கலைந்தது. அதில் மிஞ்சியவர்கள் எங்களிடம் வந்தார்கள். எங்களைப் பல வருடம் தோற்கடித்தவர்கள் இப்போது எங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்களோடு ஓடினார்கள். நாங்கள் வென்றோம். திரும்பவும் வென்றோம். கடைசி ஆட்டம் பிக்கரிங்கில், எங்கள் மைதானத்தில், பண்ணைப் பெண்களுக்கு எதிராக. அதில் வெல்பவர்களுக்குக் கோப்பை.

முதல் பாதி ஒரு கொடுமை. நான் எறிந்த பந்தையெல்லாம் அவர்கள் பறித்தார்கள். 'பின்னுக்கு' என்று சொன்னால் அவர்கள் பின்பக்கம் போய் நின்றார்கள். 'முன்னுக்கு' என்றால் முன்பக்கம். இடைவேளையில் அவர்கள் பதினைந்து, நாங்கள் பூச்சியம். தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் பண்ணை அணியின் இளம்பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அவளைச் சேற்றுக்குள் நான் சரியாகக் கவனிக்கவே இல்லை.

"சொறி அன்ரி. நான் சீற் பண்ணி ஏமாத்தேல்லை. நீங்கள்தான் சரியான லவுட்டா கத்துறீங்கள்."

நான் வாயைப் பிளந்தேன். "நீர் தமிழோ?"

"ஓம். நாங்கள் போன வருஷம்தான் நோர்த்துக்கு மூவ் பண்ணினது. அம்மா அங்க நிக்கிறா."

கோட்டுக்கு அப்பால் பஞ்சாபி உடுப்போடு ஓர் அம்மா எனக்குக் கைகாட்டினார். நானும் காட்டினேன். வேறு என்ன செய்வது?

எங்கள் வட்டத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். தலைவி தலையில் கைவைத்தாள். கோயம்புத்தூர்க்காரி மட்டும் சிரித்தாள்.

"விடுங்க அக்கா. எங்க ஊருப் பேச்சுல கூப்பிடலாம். உங்களுக்கே புரியாதது அந்தப் புள்ளைக்கு எப்படிங்க புரியும்?"

இருக்கிற ஐந்து நிமிடத்தில் மூன்று சொற்களைத் தந்தாள். முன்பக்கத்துக்குப் 'பொழுதோட', அவள் ஊரில் அது சாயங்காலத்தைக் குறிக்கும். நடுவுக்கு 'அக்கட்டால', அதாவது அந்தப் பக்கம். பின்பக்கத்துக்கு 'ஒரம்பரை', வீட்டுக்கு வரும் விருந்தாளி. ஒரு நியூஃபவுண்ட்லாந்துக்காரியும், ஏரிக்கரைப் பெண்களும், யாழ்ப்பாணத்தவளான நானும் தோளோடு தோள் சேர்ந்து நின்று, "ஒரம்பரை, ஒரம்பரை" என்று சொல்லிப் பழகினோம். பார்த்தவர்கள் நாங்கள் பிரார்த்தனை செய்வதாக நினைத்திருப்பார்கள்.

இரண்டாம் பாதியில் பந்து எங்கள் கைக்கு வந்தது. அந்த இளம்பெண் வரிசையின் பின்னால் நின்று என்னையும் கோயம்புத்தூர்க்காரியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த குழப்பத்தை நான் இன்றும் நினைத்துச் சிரிப்பதுண்டு. ஏரிக்கரைப் பெண்கள் இருவர் ஓடிப்போய் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்தார்கள். ஒன்றுக்கு ஐந்து புள்ளி. அதில் ஒன்றுக்குக் கம்பங்களுக்கு நடுவே உதைத்த இரண்டும் சேர்ந்தது. பதினைந்துக்குப் பன்னிரண்டு.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்கள் ஒரு தவறு செய்தார்கள். நடுவர் எங்களுக்குத் தண்ட உதை தந்தார். கம்பங்களுக்கு நேரே, கிட்டடியில். உதைத்தால் மூன்று புள்ளி; சமநிலை; கோப்பையில் பாதி. எல்லோரும் தலைவியைப் பார்த்தோம். அவள் கம்பங்களைப் பார்க்கவே இல்லை. மைதானத்தின் மூலையைக் கையால் காட்டினாள்.

"பாதிக் கோப்பையை வைத்து நான் என்ன செய்ய?"

பந்தை மூலையில் வெளியே உதைத்தோம்; தண்ட உதை என்பதால் எறிவதும் நாங்கள்தான். அவர்களுடைய எல்லைக்கோடு எங்களுக்கு எட்டிவிடும் தூரத்தில் இருந்தது. பந்தைத் துடைத்துக்கொண்டு நான் கோட்டில் நின்றேன். கோயம்புத்தூர்க்காரி கத்தினாள்: "ஒரம்பரை!"

பின்பக்கம். இருப்பதிலேயே தூரமான எறி. எறிந்தேன். அவளைத் தூக்கினார்கள். ஒல்லிக் கைகள் இரண்டும் மேலே நீண்டு பந்தை வாங்கின. அவள் கால் தரையைத் தொட்டதும் எங்கள் பெண்கள் அவளைச் சுற்றி இறுகினார்கள். நான் ஓடிப்போய்க் கடைசியில் ஒட்டிக்கொண்டேன். பந்து கை மாறி மாறி என் நெஞ்சுக்கு வந்தது. முன்னால் எங்கள் முழு அணியும் ஒரே உடம்பாக நகர்ந்தது. பண்ணைப் பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஒரு கணம் எல்லாம் நின்றது. தலைவி ஏதோ ஊளையிட்டாள். திரும்பவும் நகர்ந்தோம். பிறகு எல்லோரும் சரிந்தோம். என் முகம் சேற்றில். மேலே ஒரு மலை. என் நெஞ்சுக்குக் கீழே பந்து, பந்துக்குக் கீழே வெள்ளைக் கோடு.

நடுவர் குனிந்து பார்த்தார். விசில் ஊதிக் கையை உயர்த்தினார். கோட்டில் பட்டாலே ஐந்து புள்ளி: பதினேழுக்குப் பதினைந்து.

அத்தனை வருடத்தில் அதுதான் நான் வைத்த முதல் பந்து. எழுந்தபோது, எப்போதும் காருக்குள் இருந்தே ஆட்டம் பார்க்கும் என் கணவர் மைதானத்துக்குள் ஓடிவந்துகொண்டிருந்தார், போன முழங்காலோடு. "என்ர மனுசி! அது என்ர மனுசி!" என்று நடுவரிடம் சொன்னார். தமிழில்தான் சொன்னார். நடுவர் அவர் கையைக் குலுக்கினார்.

பண்ணைப் பெண்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். அந்த இளம்பெண் வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அன்ரி, பிளீஸ், உது என்ன லாங்குவேஜ்?"

"உதுவும் தமிழ்தான் பிள்ளை."

"நோ வே!"

அடுத்த வசந்தத்தில் மேல்பிரிவுக் கழகம் ஒன்று எங்களையும் பண்ணைப் பெண்களையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பழகாதவர்களுக்கு இடமில்லை என்று ஒருகாலத்தில் சொன்ன அதே கழகம். லீக் போய்விட்டது, அதன் கோப்பையைக் கேட்டு இனி யாரும் வரப்போவதில்லை. ஒரு மாதம் தலைவி வீட்டில், ஒரு மாதம் எங்கள் வீட்டில் என்று அது வேலியைத் தாண்டிப் போய்வருகிறது.

ஆனால் அன்றைக்கு அதையெல்லாம் யாரும் யோசிக்கவில்லை. பசித்தது. இரண்டு அணிகளும் கார்களிலும் பிக்கப்புகளிலும் ஏறி ஸ்காபரோவுக்குப் போனோம். காதுவரை சேற்றோடு முப்பது பெண்கள் ஒரு கொத்துரொட்டிக் கடைக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும்? கடைக்காரர் ரொட்டி கொத்துவதைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னக்கா இது? எங்க போய் விழுந்தனீங்கள்?"

"விழேல்லை அண்ணை," என்று கோப்பையைத் தூக்கிக் காட்டினேன். "வெண்டிட்டம்."